சில்லே இல்லாத வீடியோ

ஐஸ் எனக்குப் புதிதல்ல. ஷார்ஜாவுக்கு வந்து இறங்கியதும் எனக்குக் கிடைத்த முதல் வேலையே ஐஸ் கம்பெனியில்தான். மீன் லாஞ்சுகள் வந்து நிற்கும் கரையோரம் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஆள் நீளத்துக்கு ஐஸ் பாளங்கள். கொக்கி போட்டு இழுத்து அரவை மெஷினுக்குள் தள்ளினால் மறுபக்கம் கல்லுப்பு மாதிரி கொட்டும். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும், உள்ளே பல் கிட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு ஜெபல் அலியில் கோல்டு ஸ்டோர். கோழிப் பெட்டி, இறால் பெட்டி, பட்டாணி மூட்டை. எனக்கு ஊர் அறந்தாங்கிப் பக்கம். லீவில் போனால், "பாலைவனத்துல வேலங்கிறிய, கை என்னண்ணே இப்பிடிக் குளுருல வெடிச்சுக் கெடக்கு?" என்று கேட்பார்கள். சொன்னால் நம்பமாட்டார்கள் என்று சிரித்துவிட்டுப் போய்விடுவேன்.

இதை எதற்குச் சொல்ல வந்தேன் என்றால், ஐஸ் ஹாக்கி விளையாடப் போகிறேன் என்று என் பேத்தி வந்து நின்றபோது வீட்டில் பயப்படாத ஒரே ஆள் நான்தான். ஐஸ்தானே, நாம் பார்க்காததா என்று நினைத்தேன். ஐஸைத் தெரிந்து வைத்திருந்தது அந்த விளையாட்டைப் புரிந்துகொள்ள எள்ளளவும் உதவவில்லை. உதவியது என் பழைய கோல்டு ஸ்டோர் ஜாக்கெட் மட்டும்தான். துபாயில் ஒரு மாலுக்குள் இருக்கும் அந்த ஐஸ் மைதானத்தில் மற்றவர்கள் எல்லாம் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், நான் மட்டும் முதலாளி மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருப்பேன்.

வேலையை விட்ட பிறகு மகன் என்னை அவன் விசாவிலேயே வைத்துக்கொண்டான். ரோலாவில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வீடு. மகனுக்குக் கடலுக்குள் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை. கொஞ்ச காலம் கடல், கொஞ்ச காலம் வீடு. மருமகள் ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கும் லேபில் இருக்கிறாள், ஷிப்ட் டூட்டி. ஆகவே பேத்தியை விளையாட்டுக்கு அழைத்துப்போவது என் பொறுப்பில் வந்து விழுந்தது.

அவள் அதைப் பிடித்துக்கொண்ட கதை ஒரு பிறந்தநாளில் ஆரம்பித்தது. கூடப் படிக்கும் பிள்ளை ஒன்று அந்த மாலில் கேக் வெட்டியது. வந்த பிள்ளைகள் எல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக ஊர்ந்துகொண்டிருக்க, இவள் கையை விட்டாள். விழுந்தாள். எழுந்தாள். கேக் வெட்டக் கூப்பிட்டபோது வரவில்லை. அன்றிலிருந்து வீட்டில் அதே பேச்சு.

விளையாட்டைப் பற்றி நான் அறிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். பந்து கிடையாது. கறுப்பாக, கெட்டியாக, தோசைக்கல்லுக்குப் பிறந்த குட்டி மாதிரி ஒரு ரப்பர் வட்டு. நாங்கள் சின்ன வயதில் தாண்டி விளையாடிய சில்லு மாதிரி இருந்ததால் நான் அதைச் சில்லு என்றே சொல்வேன். அதை மட்டையால் தள்ளிக்கொண்டு போய் வலைக்குள் அடிக்க வேண்டும். அடிக்கிறவர்கள் முன்னால், கோல் கீப்பர் பின்னால். இரண்டுக்கும் நடுவில் நின்று, வருகிறவனை மறிக்கிற ஆளுக்கு டிஃபென்ஸ் என்று பெயர். பேத்தி டிஃபென்ஸ். பையன்களும் பெண்பிள்ளைகளும் கலந்த டீம். வெள்ளைக்காரப் பிள்ளைகள், அரபிப் பிள்ளைகள், ரஷ்யப் பிள்ளைகள், நடுவில் எங்கள் பிள்ளை. ஹெல்மெட் மாட்டிவிட்டால் எல்லாரும் ஒரே அச்சு. ஹெல்மெட்டுக்குக் கீழே சிவப்பு ரிப்பன் கட்டிய சடை தொங்குவதுதான் எனக்கு அடையாளம்.

டிஃபென்ஸ் என்றால் என் மகனுக்கு ஆகாது. "எவனோ ஓடுறான், எவனோ கோல் போடுறான், இவ பின்னாடியே சறுக்கிக்கிட்டு நிக்கிறா. இதுக்கு எதுக்குப்பா ஐஸு? நம்ம வீட்டு ஹால்ல நின்னா போதாதா?" என்பான். அவன் சொல்வதிலும் ஒரு நியாயம் எனக்குத் தெரிந்தது. நானும் அதுவரை அவள் ஒரு கோல் போட்டுப் பார்த்ததில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது குவைத் பேச்சு வந்தது. அங்கே ஒரு போட்டி. டீமிலிருந்து பாதிப் பேரைத்தான் கூட்டிப்போவார்கள். டிஃபென்ஸில் ஒரே ஒரு இடம் பாக்கி. அதற்கு என் பேத்தியும், அவளைவிடத் தலை உயரமான ஒரு பையனும். வரப்போகும் மேட்சில் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று கோச் சொல்லிவிட்டார்.

மகன் கடலிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டான். "இந்தத் தடவ எடுத்தாங்கன்னா ஆடட்டும், நான் குறுக்க நிக்கல. எடுக்கலன்னா கலாஸ், அத்தோட முடிஞ்சுச்சு. பேக்க பீரோ மேல தூக்கிப் போட்டுட்டு டியூஷனுக்குப் போகட்டும். பெரிய கிளாஸ் வரப்போகுது." பேத்தியும் அதைக் கேட்டாள். சாதாரணமாக அவள் வாயை மூட வைப்பதற்குள் எங்களுக்குப் பிராணன் போய்விடும். அன்று ராத்திரி சாப்பாட்டில் அப்பளம் நொறுங்கும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

மேட்ச் அன்று மருமகளுக்குக் காலை டூட்டி. கிளம்பும் முன் என் போனை என் கையில் கொடுத்து, "மாமா, அவருக்கு மேட்ச முழுசாப் பாக்கணுமாம். நீங்கதான் வீடியோ எடுக்கணும். இந்தச் செவப்புப் புள்ளிய அமுக்குங்க. அமுக்கிட்டுப் புள்ளைய நடுவுல வச்சுக்கங்க. அவ்வளவுதான்" என்றாள்.

"ஸ்கூல் ஆண்டு விழாவுல எடுத்தமே, அது மாதிரிதானம்மா?"

"அதே மாதிரிதான் மாமா."

ஆண்டு விழாவில் எப்படி எடுப்போம் என்று உங்களுக்குத் தெரியும். மேடையில் இருபது பிள்ளைகள் ஆடும். இருபது வீட்டுக்காரர்களும் எழுந்து நின்று அவரவர் பிள்ளையை மட்டும் எடுப்பார்கள். நடுவில் நிற்கும் கிருஷ்ணனை யாரும் எடுக்கமாட்டார்கள், கிருஷ்ணன் வீட்டுக்காரரைத் தவிர. எனக்குத் தெரிந்த வீடியோ அதுதான்.

அந்த விளையாட்டுச் சாமான் பையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் முதன்முதலில் கல்ஃபுக்கு வந்தபோது கொண்டுவந்த பெட்டியைவிட அது பெரிது. கால் கவசம், தோள் கவசம், கையுறை, கத்தி வைத்த ஷூ எல்லாம் உள்ளே. வேர்வை காய்ந்து ஒரு வாடை. டாக்ஸிக்காரர் ஒரு பாகிஸ்தான் பட்டாணிப் பாய், டிக்கியில் தூக்கி வைத்துவிட்டு, "சாச்சா, உள்ள ஆள் எதுவும் இல்லையே?" என்று கேட்டார். பேத்தி, "இருக்கு பாய், பாதி ஆள்" என்று ஹிந்தியில் சொன்னாள். துபாய் பார்டர் டிராபிக் முழுக்க அவர் சிரித்துக்கொண்டே வந்தார். அவளும் சிரித்தாள். ஆனால் சடை நுனி ரிப்பனை அவிழ்ப்பதும் கட்டுவதுமாகவே இருந்தாள். நான் அந்தக் கைமேல் என் கையை வைத்துக்கொண்டேன். சொல்வதற்கு எனக்கு என்ன தெரியும்?

மைதானத்தில் எனக்கு ஒரு சிநேகிதர் உண்டு. இந்த ஊர்க்கார அரபிப் பெரியவர். கணுக்கால் வரை வெள்ளைக் கந்தூரா, அதற்கு மேல் தடித்த கம்பளி அங்கி, கையில் பிளாஸ்க், ஒரு டப்பா பேரீச்சம்பழம். எங்கள் டீமின் கோல் கீப்பர் அவருடைய பேரன். அவரும் என்னை மாதிரிதான், பேரனைக் கொண்டுவந்து விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். எங்களுக்குள் பேச்சு ஹிந்தியில். அவர் ஹிந்தி அந்தக் காலத்தில் பம்பாய்க்கு லாஞ்சில் போய்வந்து பழகியது. என் ஹிந்தி கோல்டு ஸ்டோரில் சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கிப் பழகியது. இரண்டும் ஒன்றுக்கொன்று புரிந்தது பெரிய விஷயம். அவர் என்னை 'ரஃபீக்' என்பார். தோழா என்று அர்த்தம், ஆனால் இங்கே எல்லாத் தொழிலாளியையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் அவரை 'அர்பாப்' என்பேன், முதலாளி என்று. எனக்கு அவர் ஒரு நாளும் முதலாளியாக இருந்ததில்லை. பழக்கம், வாயில் வந்துவிடுகிறது.

விசில் ஊதினார்கள். பக்கத்தில் பெரியவரும் தன் போனைத் தூக்கினார். நான் சிவப்புப் புள்ளியை அமுக்கினேன். சிவப்பு ரிப்பனை நடுவில் வைத்தேன்.

இந்த விளையாட்டில் ஒரு வேடிக்கை, ஒரே ஆள் தொடர்ந்து ஆடமாட்டார்கள். மூச்சு வாங்கும் வரை ஆடிவிட்டு ஓரத்து பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள், பெஞ்சில் இருந்தவர்கள் இறங்குவார்கள். பேத்தி இறங்கினாலும் எடுத்தேன், உட்கார்ந்தாலும் எடுத்தேன். தண்ணீர் குடித்தாள், எடுத்தேன். மூக்கைத் துடைத்தாள், அதையும் எடுத்தேன்.

மேட்ச் மூன்று பாகம். முதல் பாகம் முடியப்போகிற நேரம். எங்கள் டீமின் இன்னொரு டிஃபென்ஸ், அதுதான் அந்த உயரப் பையன், கோல் போடும் ஆசையில் முன்னால் ஓடிப்போய்ச் சில்லைப் பறிகொடுத்துவிட்டான். எதிர் டீமில் இரண்டு பேர் அதைத் தள்ளிக்கொண்டு வேகமாக வந்தார்கள். மறிக்க ஒருத்திதான் இருந்தாள். பின்பக்கமாகவே சறுக்கிக்கொண்டு வந்த என் பேத்தி. சில்லு இடது பக்கத்துப் பையனிடம். அவன்மேல் போய் விழுவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தோம். போகவில்லை. வலது பக்கம், சும்மா வந்துகொண்டிருந்தவன் பக்கமாக மட்டையை நீட்டிக்கொண்டு சாய்ந்தாள். சில்லு வைத்திருந்தவனுக்கு நல்ல வழி கிடைத்தது. அடித்தான். கோல்.

ஆட்கள் 'ஓ' என்றார்கள். பின்வரிசையில் ஒரு அம்மா இங்கிலீஷில் என்னவோ சொன்னாள். வார்த்தை புரியவில்லை, குரல் புரிந்தது.

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "ரஃபீக், உன் பேத்தி கதவத் தொறந்து விட்டுட்டா."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் விட்டுக்கொடுக்க முடியுமா? "கதவு தொறந்தா என்ன அர்பாப், உள்ள காவலுக்கு ஒங்க பேரன் இருந்தான்ல? தூங்கிட்டானா?"

"தூங்கல. குளுருல உறஞ்சு போயிட்டான்."

"அப்ப எங்க ஐஸ் கம்பெனிக்கு அனுப்புங்க. ஒடச்சுக் குடுத்துருவோம்."

அவர் வாய்விட்டுச் சிரித்து எனக்குப் பிளாஸ்கிலிருந்து காவா காப்பி ஊற்றிக் கொடுத்தார். நான் சிரித்துக்கொண்டே கோச் பக்கம் பார்த்தேன். கோச் தாடியைத் தடவிக்கொண்டு ஒரு அட்டையில் எழுதிக்கொண்டிருந்தார். போச்சு, குவைத் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

இடைவேளை விட்டார்கள். ஐஸை வழித்துத் தண்ணீர் தெளிக்கிற வண்டி ஒன்று உள்ளே வரும். வழக்கமாக அதை நான் கண் கொட்டாமல் பார்ப்பேன். நாங்கள் கொட்டகையில் வாளியும் தேய்ப்பானும் வைத்துச் செய்ததை அது பூனை நடப்பது மாதிரி சத்தமில்லாமல் செய்யும். அன்று பார்க்க மனம் இல்லை. மகனுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். "தம்பி, ஒரு கோல் வாங்கிட்டாங்கப்பா. ரெண்டு பேரு வந்தானுக, நம்ம புள்ள ஒத்தையா நின்னுச்சு. சில்லு வச்சிருந்தவன விட்டுட்டுச் சும்மா வந்தவன் பக்கம் போயிருச்சு."

அவன் ஃபோனைக் கையிலேயே வைத்திருந்திருக்கிறான். உடனே பதில் வந்தது. "அப்பா, போய் அவகிட்டச் சொல்லுங்க. அடுத்த தடவ பந்து வச்சிருக்கவன் மேல நேராப் போகச் சொல்லுங்க. சும்மா வாறவனுக்குக் காவல் காக்கவா இம்புட்டுத் தூரம் போறா? கோச் பாத்துக்கிட்டுத்தான இருப்பாரு? இப்பிடி ஆடுனா யாருப்பா சேத்துக்குவாங்க?"

பிள்ளைகள் ரப்பர் பாய்மேல் நடந்து உடை மாற்றும் அறைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் படி இறங்கி ஓடினேன். ஓடினேன் என்பது என் கணக்கு. அவள் என்னைப் பார்த்து நின்றாள். முகத்துக்கு முன்னால் கம்பிவலை, உள்ளே வேர்வை.

"ஆத்தா, ஒங்கப்பன் சொல்றான், அடுத்த தடவ சில்லு வச்சிருக்கவன் மேல நேராப் போவணுமாம்."

"நோ தாத்தா." வாயில் மாட்டியிருந்த பல் ரப்பரை எடுத்தாள். "டூ ஆன் ஒன்னுல, ரெண்டு பேரு வந்து நான் ஒருத்தி நின்னா, ஷாட் கீப்பரோடது. பாஸ் என்னோடது. கோச் அப்பிடித்தான் சொல்லியிருக்காரு."

"அவன் அடிச்சுப்புட்டானே ஆத்தா?"

"அடிச்சா அடிக்கட்டும். நேராப் பாத்து நிக்கிற கீப்பர் பிடிக்கலாம். நான் அவன் மேல போனா அவன் சைடுல இன்னொருத்தனுக்குத் தள்ளிவிடுவான். கீப்பர் இந்தப் பக்கம் நிப்பான், சில்லு அந்தப் பக்கம் போயிரும். நெட் காலியா இருக்கும் தாத்தா!"

"ஒங்கப்பன்கிட்ட என்ன சொல்லட்டும்?"

"லேட்டர்னு சொல்லுங்க." பல் ரப்பரைக் கடித்துக்கொண்டு போய்விட்டாள். கத்தி ஷூவோடு நடந்தாலும் கொஞ்சமும் தடுமாறவில்லை. தடுமாறியது நான்தான், படி ஏறும்போது.

பெரியவரிடம் வந்து சொன்னேன். "அர்பாப், ஷாட்டு ஒங்க பேரனோடதாம். பாஸ்தான் இவளோடதாம்."

"யாரு சொன்னது?"

"அவதான்."

அவர் பிளாஸ்க் மூடியைத் திருகினார், மறுபடி திறந்தார். "அப்படின்னா அது என் வீட்டுக் கோல்" என்றார்.

"ஐயோ, பையனத் திட்டிறாதீங்க."

"திட்டமாட்டேன். அவன் பாட்டிகிட்டச் சொல்லிருவேன். அது போதும்."

இரண்டாம் பாகத்தில் எங்கள் டீம் ஒரு கோல் போட்டது. மூன்றாம் பாகத்தில் இன்னொன்று. இரண்டும் எப்படி விழுந்தன என்று என்னைக் கேட்காதீர்கள். முதல் கோலின்போது பேத்தி பெஞ்சில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள், நான் அதை எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டாவதின்போது அவள் ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். சுற்றி எல்லாரும் எழுந்து குதித்தபோது கோல் என்று தெரிந்துகொண்டேன். பலகையில் எண் மாறியிருந்தது. இங்கிலீஷ் எழுத்துத்தான் எனக்குத் தெரியாது, எண் தெரியும். இரண்டுக்கு ஒன்று.

முடியப்போகிற நேரம். எதிர் டீம் முட்டிக்கொண்டு நின்றது. கோச் பேத்தியை உள்ளே இறக்கினார். உயரப் பையனும் உள்ளேதான் இருந்தான். இவளுக்கு எதற்கு இப்போது என்று எனக்கே பயமாக இருந்தது. பயந்த மாதிரியே ஆயிற்று. நடுவில் யாருடைய மட்டையிலோ பட்டுச் சில்லு தாறுமாறாகத் திரும்பியது. அதே இரண்டு பேர். உயரப் பையன் இந்தத் தடவையும் எங்கோ முன்னால். மறுபடியும் ஒருத்திதான்.

சில்லு இந்தத் தடவை வலது பக்கத்தவனிடம். பின்வரிசை அம்மா கத்தினாள். எல்லாரும் கத்தினார்கள். நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்பது அப்போது எனக்கே தெரியாது, பிறகு வீடியோவில் கேட்டேன். "அவன்ட்டப் போ ஆத்தா! நேராப் போ! போ, போ, போ!"

அவள் போகவில்லை. பின்பக்கமாகவே வந்தாள். தலை மட்டும் ஒரு முறை வலது, ஒரு முறை இடது. இரண்டு பேருக்கும் நடுவில் இருந்துகொண்டு, ஒரு முழங்காலை மடக்கி இறக்கி, மட்டையை ஐஸ்மேல் நீளமாகப் போட்டாள். ரோட்டுக்குக் குறுக்கே மரம் விழுந்த மாதிரி. தள்ளிவிட வழி இல்லை. சில்லு வைத்திருந்தவன் ஒரு நொடி தயங்கினான். அந்தத் தயக்கத்தை நானே பார்த்தேன், ஏனென்றால் அவன் கண் சில்லைப் பார்க்காமல் அவள் மட்டையைப் பார்த்தது. வேறு வழியில்லாமல் அடித்தான்.

'டப்' என்று ஒரு சத்தம். பெரியவரின் பேரன் நெஞ்சைக் கொடுத்திருந்தான். சில்லு அவன்மேல் பட்டு முன்னால் விழுந்தது. யாரும் வருவதற்கு முன்பே பேத்தி முழங்காலில் இருந்தபடியே மட்டையைச் சுழற்றி அதை ஓரத்துப் பலகைக்கு அடித்து அனுப்பினாள். அது போய் மோதியதும் மணி அடித்தது. அது மேட்ச் முடிகிற மணி என்று பிறகுதான் புரிந்தது.

நான் எழுந்து நின்றிருந்தேன். பெரியவரும் நின்றிருந்தார். பேரீச்சம்பழ டப்பா காலுக்கடியில் கவிழ்ந்து கிடந்தது. அவர் என் தலையை இரண்டு கையாலும் பிடித்து நெற்றியில் முத்தம் வைத்தார். "யா அகூய், யா அகூய்" என்றார். என் சகோதரா என்று அர்த்தம். இத்தனை வருஷம் இந்த ஊரில் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நானும் என்ன செய்வது என்று தெரியாமல், அவர் அங்கியைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க பேரன் நெஞ்சு, எங்க பேத்தி மட்ட!" என்று தமிழிலேயே கத்தினேன். அவருக்குப் புரிந்திருக்கும். கீழே கோல் கீப்பர் பையனும் என் பேத்தியும் ஹெல்மெட்டோடு ஹெல்மெட்டை முட்டிக்கொண்டு நின்றார்கள்.

அந்தக் கோச்சிடம் ஒரு வழக்கம் உண்டு. மேட்ச் முடிந்ததும் அறை வாசலில் நின்று, ஒவ்வொரு பிள்ளையையும் அதன் வீட்டு ஆளோடு கூப்பிட்டுப் பேசுவார். முதலில் குறை, அப்புறம்தான் மற்றது. எங்கள் முறை வந்தது. அவர் இங்கிலீஷில் பேச, பெரியவர் பக்கத்தில் நின்று எனக்கு ஹிந்தியில் சொன்னார். பேத்தி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சில்லு கையில கெடச்சா வெளிய அனுப்ப ரொம்ப நேரம் எடுக்கிறாளாம்" என்றார் பெரியவர். "அப்புறம், ஐஸ்ல வாயே தொறக்க மாட்டேங்கிறாளாம். கூட ஆடுறவனுக்குக் கத்திச் சொல்லணுமாம்."

"யாரு, இவளா? வாயத் தொறக்கலயா?" என்றேன். "ஒரு நாளு எங்க வீட்டுக்கு வரச் சொல்லுங்க."

பெரியவர் அதையும் மொழிபெயர்த்துவிட்டார். கோச் சிரித்தார். பேத்தி, "தாத்தாஆ" என்று என் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தாள்.

பிறகு கோச் கொஞ்சம் நிறுத்திப் பேசினார். பெரியவரும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "முதல் தடவ சரியாத்தான் செஞ்சாளாம். ஆனா கோல் விழுந்துருச்சு. ரெண்டாவது தடவ பயந்துபோய் மாத்திச் செய்யுறாளான்னு பாக்கத்தான் கடைசியில உள்ள எறக்குனாராம். எல்லாரும் கத்துறாங்க, அப்பவும் மாத்தல." என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "அந்த எல்லாருல நீயும் நானும் இருந்தோம்" என்று தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டார்.

கோச் என் கையைப் பிடித்துக் குலுக்கி நேராக என்னிடமே ஒரு வார்த்தை சொன்னார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. "குவைத்" என்றார்.

பேத்தி அங்கே ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. தலையை ஆட்டினாள், தேங்க் யூ என்றாள், பையை இழுத்துக்கொண்டு நடந்தாள். பார்க்கிங்கில் வெளிக்காற்று, அந்தச் சூட்டுக் காற்று முகத்தில் அடித்ததும் பையை அப்படியே போட்டுவிட்டு ஒரு கூச்சல் போட்டாள் பாருங்கள், டாக்ஸிக்கு நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். கோச் கேட்டிருந்தால் அந்த இரண்டாவது குறையை அழித்திருப்பார்.

வீட்டுக்கு வந்து மருமகள் வீடியோவை அனுப்பி வைத்தாள். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகன் வீடியோ காலில் வந்தான். முகம் சரியில்லை.

"அப்பா, என்னப்பா எடுத்து வச்சிருக்கிய? இதுல பந்தே இல்ல!"

"பந்து இல்லப்பா, சில்லு."

"எதுவோ. அது எங்க? ரெண்டு கோல் போட்டோம்ங்கிறிய, ஒண்ணாச்சும் இருக்கா? இவ தண்ணி குடிக்கிறா. மூக்கத் தொடைக்கிறா. மறுபடி தண்ணி குடிக்கிறா. மேட்சு எங்கப்பா?"

"ஒம் பொண்டாட்டிதான் புள்ளைய நடுவுல வைக்கச் சொன்னா. நடுவுல இருக்குதா இல்லயா?"

மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். பேத்தி சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"கடைசில தடுத்தாளாமே, அதாவது இருக்கான்னு பாத்தா, இவளும் இவ மட்டையுந்தான் தெரியுது. அவன் எங்க அடிச்சான், யாரு பிடிச்சான், ஒண்ணும் தெரியல. ஒங்க சத்தம்தான் கேக்குது. போ போன்னு."

அப்போதுதான் எனக்குப் பெரியவர் ஞாபகம் வந்தது. அவரும் ஆட்டம் நடக்கும்போதெல்லாம் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். அவருக்கு மெசேஜ் போட்டுக் கேட்டேன். சளைக்காமல் அனுப்பி வைத்தார். திறந்து பார்த்தால், ஆரம்பத்திலிருந்து முடிவு வரை அவர் பேரன் மட்டும். சில்லு எங்கோ தூரத்தில் இருக்கும்போதும் பையன் வலைக்கு முன்னால் நிற்கிறான். முழங்காலைத் தட்டிக்கொள்கிறான். கொட்டாவிகூட விடுகிறான். அதில் கேட்கிற குரல் பெரியவருடையது, இடையிடையே என்னுடையதும்.

பேத்திக்கு ஒரு யோசனை வந்தது. இரண்டு போனையும் சாப்பாட்டுத் தட்டுகளுக்கு நடுவில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள். என் 'போ போ' கேட்கிற இடத்தில் இரண்டையும் ஒன்றாக ஓட விட்டாள். மூன்றாவது போனில் மகன் பார்த்துக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் இவள் பின்னால் வருகிறாள், தலை வலது, இடது, மட்டை நீளமாக விழுகிறது. அந்தப் பக்கம் பையன் முன்னால் வந்து நேராக நிற்கிறான். பக்கவாட்டில் யாரையும் தேடவில்லை. அவனுக்கு அந்தக் கவலை இல்லாமல் இவள் பார்த்துக்கொண்டாள் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. 'டப்'. இரண்டு போனிலும் ஒரே சத்தம்.

மகன் போனுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தான். "இன்னொரு வாட்டி ஓட்டு" என்றான். ஓட்டினாள். "மொத கோலு விழுந்துச்சே, அதையும் ஓட்டு." அதையும் ஓட்டினாள். அதிலும் அதேதான். அதே தலை திருப்பல், அதே மட்டை. பையன் மட்டும் அரை அடி பின்னால் நின்றுவிட்டான்.

"அப்ப மொதல் தடவையும் நீ சரியாத்தான் நின்னிருக்க."

"யெஸ் அப்பா."

"நான் நேராப் போன்னு சொல்லி அனுப்புனேனே?"

"லேட்டர்னு சொன்னேன்ல?"

அவன் பக்கத்தில் யாரோ மலையாளத்தில் 'ஆரா மோளாணோ?' என்று கேட்பது கேட்டது. உன் மகளா என்று. "ஆமா, எம் மகதான். டிஃபென்ஸ்" என்றான். அந்தச் சொல்லை அவன் அவ்வளவு அழுத்திச் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை. மறுநாள் மெஸ்ஸில் இரண்டு போன் வைத்து எல்லாருக்கும் போட்டுக் காட்டினான் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

டியூஷன் பேச்சு எடுக்கவே இல்லை. லீவை மாற்றி வாங்கிக்கொண்டு குவைத்துக்கு அவனே கூடப் போனான். நான் ரோலாவிலேயே இருந்துகொண்டேன். ஜாக்கெட்டை மட்டும் கொடுத்தனுப்பினேன்.

அங்கே முதல் மேட்ச் ஜெயித்துவிட்டார்கள். பேத்தியே போனில் கத்திச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் மகனிடமிருந்து வீடியோ வந்தது. மருமகளும் நானும் சோபாவில் உட்கார்ந்து பார்த்தோம். சிவப்பு ரிப்பன் பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டு வருகிறது. பெஞ்சில் உட்காருகிறது. தண்ணீர் குடிக்கிறது. சுற்றி எல்லாரும் எழுந்து குதிக்கிறார்கள், கோல் போலிருக்கிறது. படம் அசையவில்லை. பேத்தி மூக்கைத் துடைக்கிறாள். மகன் குரல் மட்டும், "ஆத்தா, ஆத்தா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது.

முழுதும் பார்த்து முடித்து, மறுபடியும் ஒரு தடவை பார்த்துவிட்டு, அவனுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன்.

"தம்பி, வீடியோ வந்துச்சு. சில்லு எங்கப்பா?"